பிசிறு எது, தையல் எது

“சார், டெலிவரி லிஸ்ட் காலியா இருக்குங்க. ஒரு பார்சல் கூடப் பாக்கி இல்லைன்னு காட்டுது. ஆனா குடோன்ல கால் வைக்க இடமில்லீங்களே?”

சேலம் கிளையிலிருந்து காலை எட்டே முக்காலுக்கு வந்த போன் இது. பேசியவர் முப்பது வருடமாகப் பார்சல் புக்கிங்கில் இருப்பவர். திரை சொல்வதைவிடக் குடோன் சொல்வதை நம்புகிறவர் என்பதால்தான் அன்று பிழைத்தோம். அடுத்த கால் மணி நேரத்தில் ஈரோடு, திண்டுக்கல், மதுரை என்று வரிசையாக அதே புகார். சர்வர் லாகைத் திறந்து பார்த்தேன். ஒரு எர்ரர் கூட இல்லை. டேட்டாபேஸில் பார்சல்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. டெலிவரிக்குக் காத்திருப்பவை எவை என்று கேட்டால் மட்டும் ஒன்றுமில்லை என்று சாதிக்கிறது.

முந்தின நாள் ராத்திரி நான் நிரலைச் சுத்தம் செய்திருந்தேன். வேறு எதுவுமே செய்யவில்லை. புது வசதி எதையும் சேர்க்கவில்லை, ஒரு பட்டனின் நிறத்தைக் கூட மாற்றவில்லை.

கோவையில் ஒன்பது பேர் இருக்கும் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் பார்சல் சர்வீஸ் நடத்துகிறார். அவருடைய புக்கிங், லாரி லோடு, பில் எல்லாம் ஓடுவது ஏழு வருடப் பழைய பைதான் நிரலில். வலைப் பகுதிக்கு ஃபிளாஸ்க், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், அதோடு பைதானைப் பேச வைக்கும் நூலகம் எஸ்க்யூஎல்ஆல்கெமி. சுமார் 40,000 வரிகள். எழுதியவர்கள் ஆறேழு பேர், அதில் நாலு பேர் இப்போது வேறு வேறு ஊர்களில் இருக்கிறார்கள். ஒருவர் மாறிகளுக்கு ஒற்றை எழுத்தில் பெயர் வைப்பார். இன்னொருவர் தேவைப்படாத இம்போர்ட்டுகளையும் (வேறு கோப்பின் நிரலை உள்ளே இழுக்கும் வரிகள்) மேலே அடுக்கி வைப்பார், பொங்கலுக்கு முன் பரண் இருப்பது போல. படிக்கும்போதே யார் எழுதியது என்று சொல்லிவிடலாம்.

இதன் மேல் ரஃப் என்ற லிண்டரை ஓட்டினேன். லிண்டர் என்பது நிரலை இயக்காமல் படித்துப் பார்த்து, ‘இங்கே ஏதோ சரியில்லை’ என்று வரி எண்ணோடு சொல்லும் கருவி. பைலிண்ட் என்ற பழைய லிண்டர் காலத்தில் ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டு 2022ல் வந்த ரஃப், எண்டர் பட்டனிலிருந்து விரலை எடுப்பதற்குள் முடித்துவிடுகிறது. எங்கள் நிரலில் அது கண்டது 3,812 எச்சரிக்கைகள்.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குள் ஒரு வெறி வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பூஜ்யமாக்க வேண்டும், இன்று ராத்திரிக்குள். தானாகத் திருத்தும் வசதியை ஓட்டினேன். மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது. மிச்சத்தில் பலவற்றையும் அந்தக் கருவி திருத்தித் தரும், ஆனால் அதற்கு ‘அன்சேஃப் ஃபிக்சஸ்’ என்று தனியாக ஒரு ஆப்ஷன் கொடுக்க வேண்டும். பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். படித்தேன், கொடுத்தேன். 214 கோப்புகள் மாறின. எல்லாவற்றையும் ஒரே புல் ரிக்வெஸ்டாக, அதாவது மாற்றத்தைப் பார்த்துச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையாகப் போட்டேன். 12 நிமிடத்தில் சக ஊழியர் “பாத்துட்டேன், ஓகே” என்று எழுதினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 214 கோப்புகளை யாரும் படிக்க முடியாது. உருட்டித்தான் பார்க்க முடியும். அவரும் உருட்டினார், நானும் மெர்ஜ் செய்து ஓடும் நிரலில் சேர்த்தேன்.

சேலத்தில் பார்சல் காணாமல் போனது இப்படித்தான்.

டெலிவரி ஆகாத பார்சல் என்றால் அதன் டெலிவரி தேதி காலியாக இருக்கும். எஸ்க்யூஎல்ஆல்கெமியில் அதை எப்படிக் கேட்பது என்றால், தேதி நெடுவரிசையின் பெயரை எழுதி, == போட்டு, நன் என்று எழுதுவது ஒரு வழி. பைதானில் ‘ஒன்றுமில்லை’ என்பதற்குப் பெயர் நன். சாதாரணப் பைதானில் நன்னோடு ஒப்பிட == போடக்கூடாது, ‘இஸ்’ என்றுதான் எழுத வேண்டும் என்பது பைதானின் நடைக் கையேடான பெப் 8 சொல்லும் வழக்கம். லிண்டரின் இ711 என்ற விதி அதைத்தான் பார்க்கிறது. நல்ல விதிதான். ஆனால் எஸ்க்யூஎல்ஆல்கெமி அந்த == குறியை எடுத்துத் தனக்கென்று வேறு அர்த்தம் கொடுத்து வைத்திருக்கிறது. அங்கே அது ஒப்பீடு செய்வதில்லை. டேட்டாபேஸுக்குப் போக வேண்டிய ‘இஸ் நல்’ என்ற கேள்வியைக் கட்டித் தருகிறது. ‘இஸ்’ என்ற சொல்லுக்கு அப்படி வேறு அர்த்தம் கொடுக்கப் பைதான் விடாது. எனவே லிண்டர் அதை ‘இஸ் நன்’ என்று மாற்றியதும், பைதான் அந்த இடத்திலேயே ‘இந்த நெடுவரிசைப் பொருள் நன்னா?’ என்று பார்த்து, ‘இல்லை’ என்று முடிவு கட்டியது. டேட்டாபேஸுக்குப் போன கேள்வியின் நிபந்தனை வெறும் ‘ஃபால்ஸ்’. எப்போதுமே பொய்யான நிபந்தனைக்கு எந்த வரியும் பொருந்தாது. பிழைச் செய்தி கிடையாது, புலம்பல் கிடையாது. சுத்தமான, காலியான பட்டியல்.

இப்படி 17 இடங்கள். ‘இஸ் அண்டர்ஸ்கோர்’ என்று அந்த நூலகமே தரும் முறைக்கு மாற்றி, பத்தரை மணிக்குச் சரி செய்தோம். அதற்குள் சேலத்தில் பழைய எல்ஆர் (லாரி ரசீது) கட்டுகளைப் பிரித்து வைத்துக் கையால் டெலிவரியை ஆரம்பித்திருந்தார்கள்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் லிண்ட் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். பெல் ஆய்வகத்தில் யாக் என்ற கருவியை எழுதிய ஸ்டீபன் ஜான்சன்தான் 1978ல் லிண்டையும் எழுதினார். அடுத்த வருடம் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு அது வெளியே போனது. சி மொழி நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் அன்றைய கம்பைலர் வேகமாக ஓட வேண்டியிருந்தது, சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்க அதற்கு நேரமில்லை. சந்தேகப்படுவதைத் தனி வேலையாகப் பிரித்து, நிதானமாகச் செய்யும் ஒரு நிரலிடம் கொடுத்தார் ஜான்சன். துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் தூசிக்கு ஆங்கிலத்தில் லிண்ட் என்று பெயர். நிரலில் ஒட்டிக்கொண்ட தூசியை எடுக்கும் கருவி என்பதால் அதையே வைத்தார்.

எனக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான் திருப்பூர்க்காரன். பருத்தி வியாபாரத்தில் லிண்ட் என்றால் தூசி இல்லை. ஜின்னிங் ஆலையில் கொட்டையை நீக்கிய பிறகு கிடைக்கும் பஞ்சுதான் லிண்ட். விலை போவதே அதுதான். ஒரே சொல் ஒருவருக்குக் குப்பை, இன்னொருவருக்குச் சரக்கு. ஜான்சன் சொன்ன பொருளில் எங்கள் ஊரில் புழங்கும் சொல் பிசிறு. என் பெரியம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவர். தைத்து வரும் பீஸில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் நுனிகளை உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கத்தரியால் வெட்டுவார்கள், பிசிறு வெட்டுவது என்று பெயர். புதிதாக வரும் பிள்ளைகளைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு புகார்தான்: “பிசிறுன்னு நெனச்சு வெட்டிப்போடறாளுக, பாத்தா தையலே பிரிஞ்சு வருது.” பனியன் பின்னல் துணி. ஒரு கண்ணி அறுந்தால் துவைக்கத் துவைக்க ஓட்டை பெரிதாகும்.

அந்த ராத்திரி நான் வெட்டியது 17 தையல்.

நான் வெட்டியதால் சேலத்தில் இரண்டு மணி நேரம் தொல்லை, அவ்வளவுதான். இதே தவறு பெரிய அளவில் நடந்ததும் உண்டு. 2006ல் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தைப் பராமரித்தவர் ஒரு எச்சரிக்கையைச் சுத்தம் செய்ய முனைந்தார். வால்கிரைண்ட் என்ற கருவி, ‘மதிப்பு எதுவும் வைக்காத நினைவகத்தைப் படிக்கிறது’ என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தது. (வால்கிரைண்ட் லிண்டர் இல்லை, நிரலை ஓட்டிப் பார்க்கும் கருவி. ஆனாலும் எச்சரிக்கை எச்சரிக்கைதான்.) புகார் இரண்டு இடங்களை நோக்கிப் போனது. இரண்டிலும் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒரே மாதிரியான ஒரு வரி. இரண்டையும் நீக்கினார்.

அந்த இரண்டில் ஒன்று உண்மையிலேயே பிசிறு. போனால் பெரிதாக எதுவும் ஆகியிருக்காது. மற்றொன்று, சாவி உருவாக்கத் தேவையான தற்செயல் எண்கள் எல்லாம் உள்ளே போகும் ஒரே வாசல். அது அடைபட்டதும், சாவியைத் தீர்மானிக்க மிஞ்சியது ஓடும் நிரலின் செயல்முறை எண் மட்டும். லினக்ஸில் அதன் வழக்கமான உச்சவரம்பு 32,768. ஆக, ஒரே அளவுள்ள சாவியை ஒரே வகைக் கணினிகளில் எத்தனை பேர் உருவாக்கினாலும், வந்து விழுவது அந்த 32,768 சாவிகளில் ஒன்றுதான். மொத்தத்தையும் ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம். சுமார் இரண்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை. டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவுக்கும் போய்விட்டது. லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து, 2008 மே 13 அன்று டெபியன் அறிவித்தபோது, உலகெங்கும் சர்வர் நிர்வாகிகள், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக உருவாக்கினார்கள்.

இதில் என்னை உறுத்துவது அவர் அலட்சியமானவர் இல்லை என்பதுதான். நீக்கலாமா என்று ஓபன்எஸ்எஸ்எல் உருவாக்குநர்களிடம் முன்கூட்டியே கேட்டார். டீபக் செய்ய (பிழை தேட) உதவும் என்றால் நீக்கலாம் என்ற அர்த்தத்தில் பதிலும் வந்தது. கேட்டவர் எதற்காகக் கேட்கிறார் என்பது பதில் சொன்னவருக்கு முழுதாகத் தெரியாது. பதில் சொன்னவர் எதை மனதில் வைத்துச் சொன்னார் என்பது கேட்டவருக்குத் தெரியாது. இதுவும் ஒருவகை ரிவ்யூதான். எங்கள் 12 நிமிட ‘ஓகே’யைப் போல.

இதையெல்லாம் படித்துவிட்டு, லிண்டரே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் அலுவலகத்திலும் ஒருவர் சொன்னார். நான் அந்தக் கட்சி இல்லை. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாக வெளியிட்ட ஐஓஎஸ் 7.0.6 எதற்கு என்று நினைவிருக்கலாம். பாதுகாப்பான இணைப்பில் எதிர்முனை சொல்வது நிஜமா என்று சரிபார்க்கும் பகுதியில், ‘கோடூ ஃபெயில்’ என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. முதல் வரி ‘இஃப்’ நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எதற்கும் கட்டுப்படாதது, எப்போதும் ஓடும். ஆனால் இரண்டும் ஒரே அளவு உள்தள்ளி எழுதப்பட்டதால் கண்ணுக்கு ஒரு குடும்பம் போலத் தெரிந்தன. கீழே இருந்த முக்கியமான சரிபார்ப்பு ஓடவே இல்லை. பிழை எண் பூஜ்யமாகவே இருந்ததால், ‘எல்லாம் சரி’ என்ற பதிலோடு வெளியே போனது. மனிதக் கண்ணை ஏமாற்றிய இந்த வரி ஒரு கருவியை ஏமாற்றியிருக்காது. கீழே இருக்கும் வரிகளுக்கு வழியே இல்லை என்று கிளாங் கம்பைலர் சொல்லியிருக்கும், அந்த எச்சரிக்கையை இயக்கி வைத்திருந்தால். பெயரில் ‘ஆல்’ (எல்லாம்) இருந்தாலும், எச்சரிக்கைகளை இயக்கும் கிளாங்கின் ‘வால்’ ஆப்ஷனில் அது சேர்த்தி இல்லை. ஏமாற்றும் உள்தள்ளலைக் கண்டுபிடிக்கத் தனி எச்சரிக்கையே 2016ல், ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலரின் ஆறாம் பதிப்பில் வந்தது.

எங்கள் நிரலிலும் லிண்டர் ஒரு பழைய பேயைப் பிடித்தது. மூன்று வருடமாக ஒரு புகார்: சில சமயம் ஒரு லாரியின் ட்ரிப் ஷீட்டில், அதற்கு முன் கிளம்பிய லாரியின் பார்சல்களும் வரும். எப்போதும் வராது, சில சமயம். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். எனவே ரீஸ்டார்ட் செய்வதே வைத்தியம் என்று ஆகி, தினமும் காலை ஐந்து மணிக்குத் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி யாரோ ஏற்பாடும் செய்திருந்தார்கள். லிண்டர் பி006 என்ற எண்ணோடு ஒரு வரியைக் காட்டியது. ஒரு ஃபங்ஷனின் அளபுருவுக்கு (அதற்கு உள்ளே தரும் மதிப்புக்கு) இயல்பு மதிப்பாகக் காலிப் பட்டியல் கொடுத்திருந்தார்கள். பைதானில் அந்தக் காலிப் பட்டியல் ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறைதான் உருவாகிறது. அதில் ஏதாவது சேர்த்தால் அடுத்த அழைப்பிலும் அது அங்கேயே இருக்கும். முந்தின லாரிக்காரன் இறக்காமல் போன சரக்கு மாதிரி. பைதான் கற்றுக்கொள்ளும் எல்லோருக்கும் சொல்லித்தரும் பாடம்தான் இது. மூன்று வருடம் எங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஆகவே கருவியோடு எனக்குச் சண்டை இல்லை. 3,812 என்ற எண்ணை நான் பார்த்த விதத்தில்தான் கோளாறு. அத்தனையையும் பிழைகள் என்று எண்ணிவிட்டேன். அவை கேள்விகள். ‘இந்த இம்போர்ட்டை யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லையே, இது எதற்கு?’ என்று கருவி கேட்கிறது. பதில் சொல்லாமல் கேட்டவன் வாயை அடைத்தேன்.

சரி, அந்த இம்போர்ட் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ராத்திரியின் இன்னொரு வெட்டு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

டேட்டாபேஸ் அமைப்பை மாற்ற நாங்கள் பயன்படுத்துவது அலெம்பிக். நிரலில் எழுதியிருக்கும் மாடல்களையும் (டேபிள்களின் வரையறைகள்) டேட்டாபேஸில் உள்ள டேபிள்களையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தைச் சரிக்கட்டும் மைக்ரேஷன் கோப்பைத் தானே எழுதித் தரும். அதற்கு எல்லா மாடல்களும் இம்போர்ட் ஆகியிருக்க வேண்டும். அலெம்பிக்கின் அமைப்புக் கோப்பில் பில்லிங் பகுதியை இம்போர்ட் செய்யும் ஒரு வரி இருந்தது. இம்போர்ட் ஆவதாலேயே மாடல்கள் பதிவாகிவிடும் என்பதால், அந்தப் பெயரைக் கோப்பில் வேறெங்கும் பயன்படுத்தத் தேவையில்லை. லிண்டரின் கண்ணுக்கு அது அப்பட்டமான எஃப்401, பயன்படாத இம்போர்ட். ‘பாதுகாப்பான’ திருத்தங்களின் கணக்கிலேயே நீக்கிவிட்டது.

எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த பையன், பார்சல் டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்க்க மைக்ரேஷன் எடுத்தான். அலெம்பிக்கின் பார்வையில் இப்போது பில்லிங் மாடல்களே இல்லை, டேட்டாபேஸில் மட்டும் நான்கு டேபிள்கள் அநாதையாக நிற்கின்றன. எனவே அது கேட்ட நெடுவரிசையைச் சேர்த்து, கூடவே அந்த நான்கையும் அழிக்கும் வரிகளையும் மரியாதையாக எழுதித் தந்தது. பையன் தன் வரியை மட்டும் பார்த்தான், திருப்தியாகி அனுப்பிவிட்டான்.

பிடித்தது அக்கா. எங்கள் டீமில் எல்லோருக்கும் மூத்தவர், எல்லோருக்கும் அக்கா. அவருக்கு ஒரு பழக்கம்: எந்த மாற்றத்தையும் கோப்பின் கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். மேலிருந்து படித்தால் எழுதினவன் போன வழியிலேயே நாமும் போய்விடுவோம் என்பார். அன்று அவர் எழுதிய கமெண்ட் ஒரே வரி: “தம்பி, பில் டேபிளை எல்லாம் எதுக்குடா அழிக்கிறே?” பையன் முகம் வெளுத்துவிட்டது. காரணத்தைத் தோண்டிப் போனால் என் பெயரில் என் கமிட், அதாவது அன்று நான் பதிவு செய்த மாற்றம், நின்றது. பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த நான்கு டேபிள்களில் ஏழு வருடத்து பில்கள் இருந்தன.

பிறகு மொத்தத்தையும் திரும்ப முதலிலிருந்து செய்தோம். என் பெரிய கமிட்டைத் திருப்பி எடுத்துவிட்டோம், லாரிப் பேயை ஓட்டிய திருத்தத்தையும் 17 இடங்களின் திருத்தத்தையும் தவிர.

இந்த முறை முதலில் இடைவெளி, மேற்கோள் குறி, வரி மடிப்பு என்று தோற்றம் மட்டும். ஃபார்மேட்டரை ஓட்டி, வேறு எதையும் தொடாமல் ஒரே கமிட். அப்படிச் செய்தால், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டின் வரலாற்றில் ஒவ்வொரு வரியும் நான் எழுதியதாகக் காட்டுமே என்ற கவலை எனக்கிருந்தது. ஏழு வருட வரலாற்றை என் பெயரில் பட்டா போட்டுக்கொள்வது போல. 2019ல் வந்த கிட் 2.23லிருந்து அதற்கு வழி இருக்கிறது. புறக்கணிக்க வேண்டிய கமிட்டின் எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைத்தால், ‘பிளேம்’ கட்டளை அதைத் தாண்டி உண்மையில் எழுதினவரைக் காட்டும்.

அப்புறம் ஒரு விதிக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட். முதலில் எடுத்தது எஃப்821, வரையறுக்கப்படாத பெயர். ஆறு இடங்கள்தான், ஆறும் நிஜப் பிழைகள். அதில் ஒன்று, தொலைந்த பார்சலுக்கு இழப்பீடு கணக்கிடும் இடம். அந்த வழியில் யாராவது போனால் நிரல் அங்கேயே விழும். இத்தனை வருடமாக யாரும் போகவில்லை என்பது வாடிக்கையாளருக்கு நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியவில்லை.

பயன்படாத ஃபங்ஷன்களுக்கு வல்ச்சர் என்று ஒரு கருவி, பிணம் தின்னும் கழுகின் பெயர். அது காட்டிய பட்டியலில் ஆண்டு முடிவுக் கணக்கு ஃபங்ஷனும் இருந்தது. யாரும் அழைக்கவில்லைதான், பெயர் சொல்லி. சர்வரில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானிலிருந்து மார்ச் 31 ராத்திரி ஒரே ஒரு முறை, அந்தப் பெயரைச் சரமாக (வெறும் எழுத்துத் தொடராக) கொடுத்து ஓட்டுகிறார்கள். நாங்கள் இந்த வேலையைச் செய்தது ஆகஸ்டில். நீக்கியிருந்தால் ஏழு மாதம் கழித்து வெடித்திருக்கும், அதற்குள் யாருக்கும் காரணம் நினைவிருக்காது.

வரி நீள விதியில் ஒரு வேடிக்கை. வாடிக்கையாளர்களுக்குப் போகும் தமிழ் எஸ்எம்எஸ் வாசகங்கள் நிரலிலேயே நீள நீளமாக இருந்தன. விதி கேட்கிறதே என்று நீள வாசகங்களை இரண்டு வரிகளாக உடைத்தேன். அடுத்தடுத்த இரண்டு சரங்களைப் பைதான் தானே ஒட்டிக்கொள்ளும், நடுவில் இடைவெளி விடாமல். ‘உங்கள் பார்சல்வந்துவிட்டது’ என்று ஆனதை அக்காதான் வாய்விட்டுப் படித்துக் கண்டுபிடித்தார். பார்க்க அசிங்கம் என்பதோடு போகாது. இங்கே வணிக எஸ்எம்எஸ் வாசகங்களை, தொலைபேசி நிறுவனங்களின் பதிவுத் தளமான டிஎல்டியில் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். பதிவான டெம்ப்ளேட்டோடு பொருந்தாத செய்தி வழியிலேயே நின்றுவிடும்.

வாய்விட்டுப் படிப்பது அக்காவின் பழக்கம் மட்டுமில்லை, பழைய முறை. 1976ல் ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன் நிரல் ஆய்வுக்கு ஒரு முறையை எழுதி வெளியிட்டார். நாலைந்து பேர் உட்கார வேண்டும். ஒருவர் நிரலைத் தன் வார்த்தையில் விளக்கிக்கொண்டே போக வேண்டும். இப்போது அப்படிக் கூட்டம் போடுகிறவர்கள் குறைவு, எங்களுக்கும் எல்லாவற்றுக்கும் பொறுமை இல்லை. கட்டணம் கணக்கிடும் பகுதிக்கு மட்டும் செய்து பார்த்தோம். பையன் விளக்கினான்: “எடை பத்துக்குச் சமமோ கூடவோ இருந்தா அடுத்த ரேட்டு.” அக்கா கேட்டார், “கரெக்டா பத்து கிலோ இருந்தா?” புக்கிங் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கும் ரேட் கார்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னோம். ‘10 கிலோ வரை’ என்று இருந்தது. பத்து கிலோ மூட்டைக்கு எத்தனையோ வருடமாக அடுத்த ரேட்டை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

எந்த லிண்டரும் அந்த வரியை எதுவும் சொல்லாது. ஒரு எச்சரிக்கை கூட இல்லாத, அழகாக வடிவமைக்கப்பட்ட, தவறான வரி. சுவரில் ஒட்டியிருக்கும் காகிதம் கருவிக்குத் தெரியாது.

முன்பெல்லாம் எங்கள் ரிவ்யூ கமெண்டுகளில் பாதிக்கு மேல் ஒற்றை மேற்கோளா இரட்டையா, இங்கே ஒரு ஸ்பேஸ் விடு என்பதாகவே இருக்கும். மனிதர் சொன்னால் அதில் கோபம் வரும், பழைய கணக்கு எல்லாம் வெளியே வரும். மெஷின் சொன்னால் வருவதில்லை. அந்தச் சண்டையை ரஃப் எடுத்துக்கொண்டது எங்களுக்கு மிச்சம் பிடித்துத் தந்த நேரத்தில்தான் அக்கா ‘கரெக்டா பத்து கிலோ?’ என்று கேட்டார் என்று நான் நம்புகிறேன். நிரூபிக்க முடியாது.

முதலாளி, எச்சரிக்கை எண்ணிக்கை வாரா வாரம் குறைவதை ஒரு வரைபடமாகப் போட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று கெஞ்சினேன். அந்த எண்ணை யாராவது கேட்க ஆரம்பித்தால், அதைக் குறைக்க வழி ரொம்பச் சுலபம்: வரியின் கடைசியில் ‘நோக்யூஏ’ என்று ஒரு குறிப்பு. அந்த வரியைக் கருவி பார்க்காது. இதுவும் புதிதில்லை. ஜான்சனின் லிண்டிலேயே ‘இந்த இடத்துக்கு வழி வராது’, ‘இந்த அளபுரு பயன்படாது, எனக்குத் தெரியும்’ என்று சொல்லத் தனிக் குறிப்புகள் இருந்தன. நாங்கள் போட்டுக்கொண்ட விதி ஒன்றுதான்: குறிப்புக்குப் பக்கத்தில் காரணம் இருக்க வேண்டும், தமிழிலானாலும் சரி. காரணம் எழுத முடியவில்லை என்றால் அந்த எச்சரிக்கை அப்படியே நிற்கட்டும்.

இப்போது 46 நிற்கின்றன. போன மாதம் சேர்ந்த பெண் அலெம்பிக் கோப்பைத் திறந்துவிட்டு, “அண்ணா, இந்த இம்போர்ட் எங்கேயும் யூஸ் ஆகலையே, எடுத்துடட்டுமா?” என்று கேட்டாள். பக்கத்தில் இருக்கும் குறிப்பைப் படிக்கச் சொன்னேன். அதை எழுதியது பையன்தான்: ‘எடுத்தால் பில் டேபிள் நான்கும் போகும். ஒருமுறை போகப் பார்த்தது. சந்தேகம் இருந்தால் அக்காவிடம் கேட்கவும்.’

அவள் அக்காவிடம் போய்க் கேட்டாள்.